சாரலில் மூன்று நாள்

"கொஞ்ச நாள் ஓய்வு எடுத்துக்கொள்ளுங்கள்" என்று டாக்டர்கள் சுலபமாகச் சொல்லிவிடுகிறார்கள். அந்த ஓய்வு எந்தக் கடையில் கிடைக்கும் என்பதை மட்டும் சீட்டில் எழுதிக் கொடுப்பதில்லை. வீட்டிலேயே இருந்து பார்க்கலாம் என்றால், வாசல் மணி அடித்துக்கொண்டே இருக்கிறது. ஊட்டி, கொடைக்கானல் என்று கிளம்பினால் நாலு நாளில் நாற்பது இடம் பார்த்து, நானூறு படம் எடுத்து, திரும்பி வந்த அலுப்புத் தீர மறுபடி லீவு போட வேண்டியிருக்கிறது.

வாசகர்களே! பார்ப்பதற்கு அதிகம் இல்லாமல், செய்வதற்கும் அதிகம் இல்லாமல், தலையை நீட்டினால் மற்றதையெல்லாம் தண்ணீரே பார்த்துக்கொள்ளும் ஓர் ஊர் நம்மிடமே இருக்கிறது. தென்காசியிலிருந்து பஸ் ஏறினால், டிக்கெட்டைப் பைக்குள் பத்திரப்படுத்துவதற்குள் வந்துவிடும். நான் குற்றாலத்தைத்தான் சொல்கிறேன். "அதுதான் தெரிந்த ஊராயிற்றே!" என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். பலருக்கு அது ஒரு நாள் தெரிந்த ஊர். காலையில் வேனில் வந்து, நெரிசலில் குளித்து, சிப்ஸ் வாங்கிக்கொண்டு மாலையில் கிளம்பிவிடுகிறவர்களுக்கு அருவி தெரியும், குற்றாலம் தெரியாது.

ஸ்பாவும் குற்றாலமும்

இந்தக் காலத்தில் பெரிய ஹோட்டல்களில் 'ஸ்பா' என்று ஒரு பகுதி இருக்கிறது. மெல்லிய சங்கீதம், வாசனை எண்ணெய், வெள்ளைத் துண்டு, மணிக்கு இவ்வளவு என்று கட்டணம். இந்தப் பெயர் பெல்ஜியம் நாட்டிலுள்ள ஸ்பா என்ற சிற்றூரிலிருந்து வந்தது. அங்கே இரும்புச் சத்துள்ள ஊற்று நீரைக் குடிக்கவும் அதில் குளிக்கவும் ஐரோப்பியச் சீமான்கள் பல நூற்றாண்டுகளாகக் கூடினார்கள். இங்கிலாந்தின் பாத், ஜெர்மனியின் பாடன்-பாடன் எல்லாம் அந்த ரகந்தான். இப்படிப்பட்ட 11 ஊர்களை ஒன்றுசேர்த்து 2021-ல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் வைத்திருக்கிறது.

குற்றாலத்துக்கும் 'தென்னகத்தின் ஸ்பா' என்ற பட்டம் உண்டு. ஆனால் இங்கே பூமிக்கடியிலிருந்து ஊற்று எதுவும் பொங்கவில்லை. தண்ணீர் வெந்நீரும் அல்ல. மலை உச்சியில் பெய்த மழை, காட்டுக்குள் புகுந்து, வேரையும் பாறையையும் தடவிக்கொண்டு, சிற்றாறு என்ற பெயரோடு நம் தலைமேல் விழுகிறது. மூலிகைகளின் சாரம் அதில் கலந்திருப்பதாக ஊரார் சொல்கிறார்கள். நம் உடம்புக்குப் புரிகிற சங்கதி, தண்ணீர் விழுகிற வேகமும் அதன் குளிர்ச்சியுந்தான்.

சாரல் எங்கிருந்து வருகிறது?

ஊட்டி குளிர்கிறதென்றால் அதற்குக் காரணம் உண்டு. அது 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. குற்றாலமோ கடல் மட்டத்துக்கு மேல் 200 மீட்டர்கூட இல்லை. மதுரையைப்போலத் தகிக்க வேண்டிய ஊர்! பின் எப்படி ஆனி, ஆடி மாதங்களில் போர்வை கேட்கிறது?

மேற்கே மலையைப் பாருங்கள். தென்மேற்குப் பருவக் காற்று ஜூன் தொடக்கத்தில் கேரளத்தில் நுழைந்து, மேற்குத் தொடர்ச்சி மலையில் மோதி, மழையையெல்லாம் அந்தப் பக்கமே கொட்டித் தீர்த்துவிடும். நம் பக்கம் வருவது பெரும்பாலும் வெறுங்காற்று. செங்கோட்டைக்கு மேற்கே, ஆரியங்காவுப் பக்கம் மட்டும் மலைச் சுவரில் ஒரு திட்டிவாசல் விட்டுவைத்திருக்கிறது இயற்கை. அதன் வழியாகக் காற்றும் மேகமும் புகுந்து வந்து, பன்னீர் தெளிப்பதுபோல் தெளித்துவிட்டுப் போகின்றன. அதுதான் சாரல். குடை பிடிக்கும் அளவுக்கு மழையும் இல்லை. குடை இல்லாமல் போனால் சட்டை நனையாமலும் இருக்காது. திடீரென்று வெயில் எட்டிப் பார்க்கும், "ஐயோ, வந்துவிட்டதே!" என்று நாம் நினைப்பதற்குள் மேகம் அதன் முகத்தை மூடிவிடும்.

ஐப்பசி, கார்த்திகையிலும் அருவியில் தண்ணீர் விழும். ஐயப்ப பக்தர்கள் வரும் காலம் அது. ஆனால் இந்த மேல்காற்றும் சாரலும் அப்போது இரா. தங்கி இளைப்பாற வேண்டுமானால் ஆனி, ஆடி, ஆவணிதான்.

ஒரு நாள் நடைமுறை

நான் தங்கியது ஐந்தருவிச் சாலையில் ஒரு சாதாரண விடுதி. இரண்டு கட்டில், ஒரு ஜன்னல், ஜன்னல் நிறைய மலை. விடுதியைக் கவனித்துக்கொண்ட பெரியவர் என் கையிலிருந்த குறிப்புப் புத்தகத்தைப் பார்த்தார். அதில் பார்க்க வேண்டிய இடங்களை வரிசையாக நம்பர் போட்டு எழுதியிருந்தேன்.

"எத்தனை நாளு இருப்பிய, தம்பி?" என்றார்.

"நாளைக்குக் கிளம்பலாம் என்று நினைக்கிறேன், அண்ணாச்சி."

"மூணு நாளு இருங்க. மொத நாளு உடம்பு வலிக்கும். ரெண்டாம் நாளு தூக்கம் வரும். மூணாம் நாளுதான் ஆளு சரியாவும்" என்றார். புத்தகத்தை மூடி வைத்தேன்.

அவர் சொன்ன முறை இது: காலையில் விடுதியிலேயே நல்லெண்ணெய் தேய்த்து ஊறிவிட்டு, சீயக்காய் போட்டுக் குளித்துவிட வேண்டும். அருவிக்கு வெறும் உடம்போடு போக வேண்டும். முன்பெல்லாம் அருவிக் கரையிலேயே எண்ணெய் தேய்த்துவிடுகிறவர்கள் வரிசையாக இருப்பார்கள். எண்ணெயும் சோப்பும் ஷாம்புவும் தண்ணீரைக் கெடுக்கின்றன என்று 2014-ல் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை அருவிகளில் அவற்றுக்குத் தடை விதித்தது. குளித்தபின் வயிறார இட்லி, பிறகு தூக்கம். மத்தியானச் சாப்பாடு, மறுபடி தூக்கம். மாலையில் ஒரு நடை, மறுபடி ஒரு குளியல். "வேறு வேலை?" என்று கேட்கிறீர்களா? நானும் கேட்டேன். "அதுக்குத்தான் பட்டணம் இருக்கே!" என்றார் பெரியவர்.

அருவிக்கு அடியில்

பேரருவி சுமார் 60 மீட்டர் உயரத்திலிருந்து விழுகிறது. அவ்வளவு தண்ணீர் அவ்வளவு உயரத்திலிருந்து நேரே விழுந்தால் அடியில் நிற்கிறவன் கதி என்ன? இங்கேதான் இயற்கையின் கருணையைப் பார்க்க வேண்டும். பாதி வழியில் பாறையில் ஒரு பெரும் பள்ளம் இருக்கிறது. 19 மீட்டர் ஆழம் என்கிறார்கள். பொங்குமாங்கடல் என்று அதற்குப் பெயர். மேலிருந்து ஆவேசமாக வரும் தண்ணீர் அந்தப் பள்ளத்தில் விழுந்து, கோபம் தணிந்து, பொங்கி வழிந்து, பிறகுதான் நம் தலைக்கு வருகிறது.

தணிந்த கோபமே எப்படி என்கிறீர்கள்! முதல் அடி உச்சந்தலையில் விழுந்ததும் மூச்சு நின்றுவிடும். "போதும், ஓடிவிடலாம்" என்று தோன்றும். ஒரு நிமிஷம் தாக்குப் பிடியுங்கள். பிடரியிலும் தோளிலும் முதுகிலும் ஆயிரம் கைகள் பிடித்துவிடுவது போலிருக்கும். காதில் அந்த இரைச்சலைத் தவிர வேறொன்றும் விழாது. ஆபீசும், கடனும், பையனின் பரீட்சை மார்க்கும் எங்கே போயின என்று தெரியாது. வெளியே வந்தால் பல் கிட்டுகிறது. உடம்பு பஞ்சாக இருக்கிறது. பசியோ, ஊரையே சாப்பிடலாம்போல!

ஐந்தருவி ஒன்றாக வந்து ஐந்தாகப் பிரிகிறது. பழைய குற்றாலம், புலியருவி, சிற்றருவி என்று இன்னும் உண்டு. செண்பகாதேவியும் தேனருவியும் மேலே காட்டுக்குள் இருக்கின்றன. வனத்துறையின் கட்டுப்பாடு இருப்பதால் நினைத்தபோது அங்கே போய்விட முடியாது.

சுவாமிக்கும் கஷாயம்

பேரருவிக்குப் பக்கத்திலேயே சங்கு வடிவில் குற்றாலநாதர் கோயில். திருஞானசம்பந்தர் பாடிய தலம். இந்த ஊர்க் குளிர் சுவாமியையும் விடவில்லை! ஓயாத அருவியின் குளிர்ச்சியால் தலைவலி வரக் கூடாது என்று அவருக்கு மூலிகைத் தைலம் சாத்துகிறார்கள். இரவில் கஷாயம் நைவேத்தியம் செய்கிறார்கள். எண்ணெய் தேய்த்து, சாரலில் இருந்து, சுக்குக் கஷாயம் குடித்துப் படுக்கிற வைத்திய முறையைக் கோயிலிலேயே எழுதி வைத்ததுபோல் இருக்கிறது.

சற்றுத் தள்ளி, தெப்பக்குளத்தோடு சித்திர சபை. நடராஜரின் ஐந்து சபைகளில் ஒன்று. மற்றச் சபைகளில் விக்கிரகமாக ஆடுகிறவர் இங்கே சுவரில் ஓவியமாக ஆடுகிறார். கூட்டம் இராது. சாரல் நேரத்தில் அந்த மண்டபத்தில் அரை மணி உட்கார்ந்து பாருங்கள்.

குற்றாலத்தில் தங்குவது ஒரு கலை என்பதைத் தமிழர்களுக்குக் காட்டியவர் ரசிகமணி டி. கே. சி. 1954-ல் காலமாகும்வரை இங்கேதான் வாழ்ந்தார். ராஜாஜியும் கல்கியும் அவர் வீட்டு விருந்தாளிகள். அவருக்கு 200 ஆண்டுகளுக்கு முன்பே, பக்கத்து ஊரான மேலகரத்துத் திரிகூடராசப்பக் கவிராயர் இந்த மலையின்மீது குறவஞ்சி பாடிவிட்டார். ரசித்துச் சும்மா இருப்பதற்கு இந்த ஊரில் நீண்ட பரம்பரை உண்டு.

பசியைச் சொன்னேன் அல்லவா? அதற்கும் வழி இருக்கிறது. சைவர்களுக்கு உளுந்தஞ்சோறும் சொதியும். மற்றவர்கள் செங்கோட்டைக்குப் பக்கத்தில் பிரானூர் 'பார்டர்' போய்விடுகிறார்கள். சின்னச் சின்னப் பரோட்டா, நாட்டுக்கோழி. சாலையோரத்தில் மங்குஸ்தானும் ரம்புட்டானும் குவிந்திருக்கும். மங்குஸ்தானை இரண்டு கையாலும் அமுக்கித் திறந்தால் உள்ளே வெள்ளைச் சுளை. சாயம் பட்டால் வேட்டிக்கு ஆயுள் தண்டனை, ஜாக்கிரதை!

மணி ஒலித்தால் வந்துவிடுங்கள்

ஒரு விஷயத்தை விளையாட்டாகச் சொல்ல முடியாது. ஊரில் தூறலே இல்லாதபோதும் மலைமேல் பெருமழை பெய்துகொண்டிருக்கலாம். தண்ணீர் நிறம் மாறி, சருகும் கல்லும் கலந்து வரத் தொடங்கிவிட்டால் நிமிஷங்கள்தான் அவகாசம். 2024 மே 17-ஆம் தேதி பழைய குற்றாலத்தில் திடீர் வெள்ளம் வந்து 17 வயதுப் பையன் ஒருவனை அடித்துக்கொண்டு போய்விட்டது. எச்சரிக்கை மணி அடித்தாலோ, காவலர் "வெளியே வாருங்கள்" என்றாலோ, "இன்னும் ஒரே நிமிஷம்" என்று சொல்லாதீர்கள். குளிக்கத் தடை என்று கயிறு கட்டியிருந்தால் கோபித்துக்கொள்ளாமல் திண்ணையில் உட்கார்ந்து சாரலைப் பாருங்கள். மூன்று நாள் தங்கச் சொன்னதில் இந்த லாபமும் இருக்கிறது. ஒரு நாள் போனால் மறுநாள் உண்டு.

யாருடைய அருவி?

பேரருவியின் அடியில் என் இடப்பக்கம் நின்றவர் விலையுயர்ந்த காரில் வந்தவர். வலப்பக்கம் நின்றவர் கூலி வேலை செய்பவர். தோளில் மூட்டை தூக்கிய காய்ப்பு இருந்தது. தண்ணீர் இரண்டு தோளையும் ஒரே மாதிரிதான் பிடித்துவிட்டது. அந்தப் பக்கம் பெண்கள் பகுதியில் பாட்டிமாரும் பேத்திமாரும் கைகோத்து நின்று கூச்சலிட்டார்கள். உலகத்தின் பெயர்பெற்ற ஸ்பாக்களில் பணம் கொடுத்தால்தான் கதவு திறக்கிறது. இங்கே கதவே இல்லை. தோள்வலி அதிகமாக உள்ளவனுக்கும் ஸ்பா கிடைக்கிற ஊர் இது.

இது இப்படியே இருக்குமா என்பதுதான் கவலை. ஓடைகளின் போக்கைத் திருப்பி, தங்கள் விருந்தினருக்காகச் செயற்கை அருவி உண்டாக்கிக்கொண்ட தனியார் விடுதிகளைப் பற்றிய வழக்கு 2022-ல் மதுரைக் கிளைக்கு வந்தது. அப்படிப்பட்டவற்றைக் கண்டறிந்து நடவடிக்கை எடுக்கும்படி நீதிமன்றம் உத்தரவிட்டது. நெரிசல் பிடிக்காதவர்களுக்குத் தனி அருவி வேண்டும் என்ற ஆசை புரிகிறது. ஆனால் மலையிலிருந்து வரும் தண்ணீர் ஒன்றுதான். மேலே ஒருவர் தம் தோட்டத்துக்குள் திருப்பிக்கொண்டால், கீழே ஆயிரம் தலைகளுக்கு அவ்வளவும் குறையும். குற்றாலத்தோடு முடிகிற தண்ணீரும் அல்ல இது. சீவலப்பேரியில் தாமிரபரணியோடு கலக்கும்வரை வழியிலுள்ள வயல்களெல்லாம் இதையே நம்பியிருக்கின்றன.

ஆகையால் நேயர்களே, விடுதிக்கு எழுதும்போது "அறையில் ஏ.சி. உண்டா?" என்று கேட்க வேண்டாம், ஜன்னலைத் திறந்தால் போதும். "தனி அருவி உண்டா?" என்று கேட்கவே வேண்டாம், உண்டு என்று பதில் வந்தால் வேறு விடுதி பாருங்கள். சென்னையிலிருந்து இரவில் புறப்படும் பொதிகை எக்ஸ்பிரஸ் காலையில் தென்காசியில் இறக்கிவிடும். சனி, ஞாயிறைத் தவிர்த்துவிட்டால் கூட்டம் பாதி. விடியற்காலையில் போனால் அதிலும் பாதி. இரண்டு துண்டு, ஒரு போர்வை, ஒரு பாட்டில் நல்லெண்ணெய் கொண்டுபோங்கள். பிளாஸ்டிக் பையையும் குறிப்புப் புத்தகத்தையும் வீட்டிலேயே விட்டுவிடுங்கள்.

வருகிற ஆனியில் மேல்காற்று வீசத் தொடங்கியதும் புறப்படுங்கள். அருவிக்கு முன்பதிவு கிடையாது. நின்றுகொண்டிருப்பவரைப் பார்த்து, "அண்ணாச்சி, கொஞ்சம் தள்ளிக்கிடுங்க" என்று சொன்னால் இடம் கிடைத்துவிடும்.