ஊரறியத் தூங்குதல்

இலங்கையின் கிழக்குக் கரையிலுள்ள வாகரையில் வண்டிக்குள் இரவைக் கழிக்க நினைப்பவர் முதலில் பார்க்கவேண்டியது காற்றை. கடல் எவ்வளவு கிட்ட, கைபேசிக்குச் சிக்னல் உண்டா என்பதெல்லாம் அதற்குப் பிறகு. பக்கத்தில் நாயும் படுக்கப்போகிறது என்றால், காற்றைப் பார்க்காமல் வண்டியை நிறுத்தவே கூடாது.

பகலில் இங்கே கடற்காற்று கிழக்கிலிருந்து ஏறும். கடலைவிடத் தரை விரைவாகச் சூடு தணிவதால், இரவு முற்றியதும் காற்று திசை திரும்பி, மேற்கே காட்டுப் பக்கமிருந்தும் களப்புப் பக்கமிருந்தும் கடலை நோக்கிப் போகும். மட்டக்களப்பிலிருந்து திருகோணமலைக்குப் போகும் ஏ-15 வீதி இந்தப் பகுதியில் கரையை ஒட்டி வடக்கே ஓடுகிறது. அந்த வீதிக்குச் சமாந்தரமாக வண்டியை விட்டால் ஒரு பக்கம் மேற்கையும் மறுபக்கம் கிழக்கையும் பார்க்கும். என்னுடையது சுசுகி எவ்ரி வான். பின்னால் இரு பக்கமும் இழுவைக் கதவு. இரண்டையும் ஒரு சாண் திறந்து கொக்கி போட்டு, இடைவெளியில் நுளம்பு வலையை இறுக்கிக் கட்டிவிட்டால் காற்று ஒரு பக்கத்தால் வந்து மறுபக்கத்தால் போகும். மூக்கைக் கடலுக்கு நேரே வைத்து நிறுத்தினால் காட்சி அழகுதான். ஆனால் காற்று முன்கண்ணாடியிலோ பின்கதவிலோ முட்டி நின்றுவிடும். உள்ளே இருப்பவர்கள் அவிந்துபோவார்கள்.

கச்சான் காற்று வீசும் மாதங்களில் இந்த வித்தியாசம் உயிர்ப் பிரச்சினை. நமக்கு உடம்பு முழுக்க வியர்க்கும். நாய்க்கு அந்த வசதி இல்லை. பாதங்களில் கொஞ்சம் வியர்க்கும். மற்றபடி இளைத்து இளைத்து, நாக்கின் ஈரத்தைக் காற்றில் விட்டுத்தான் அது உடம்பைத் தணிக்கிறது. களப்போரத்து இரவுக் காற்றில் ஈரம் கூட, அதனால் அந்த வழியும் பாதி அடைபடும். நாயின் இயல்பான உடற்சூடு 38 பாகை முதல் 39 பாகை செல்சியஸ் வரை. 41ஐத் தாண்டினால் உள்ளுறுப்புகள் கெடத் தொடங்கும். என் நாய் செம்பி சாதாரணமாக இளைக்கும்போது நாக்கு ஒடுங்கி, நுனி மேலே வளைந்திருக்கும். சூடு ஏறும்போது அதே நாக்கு நுனியில் அகன்று சப்பையாகத் தொங்கும். முரசு கடும் சிவப்பாகும். எச்சில் கெட்டியாகி நூலாக இழுபடும். நாக்கு அகன்றதைக் கண்ட உடனேயே நான் எழும்பிவிடுவேன். வயிற்றிலும் தொடைகளிலும் தண்ணீர் ஊற்றி, காற்றுப்பட வெளியே படுக்கவைப்பேன். அதற்கும் தணியாவிட்டால் மிருக வைத்தியரிடம் போவதுதான் வழி. விடியட்டும் என்று பார்க்கக் கூடாது.

பகலில் நிறுத்திய வண்டி இதைவிடக் கொடியது. அமெரிக்காவில் 2005ல் வெளியான ஓர் ஆய்வு, வெயிலில் நிற்கும் காருக்குள் ஏறும் வெப்பத்தில் பெரும்பகுதி முதல் அரை மணித்தியாலத்துக்குள்ளேயே ஏறிவிடுகிறது என்றும், கண்ணாடியைச் சற்று இறக்கிவைப்பதால் பெரிய மாற்றம் இல்லை என்றும் அளந்து காட்டியது. வெளியே 24 பாகை இருக்கும் நாளிலேயே உள்ளே 10 நிமிடத்தில் 34, அரை மணித்தியாலத்தில் 43 ஆகிவிடும். நம் கரையில் வைகாசி வெயில் 24ல் நிற்பதில்லை. துணையோடு போகிறவர்கள் மாறி மாறி நாயைப் பிடித்துக்கொள்ளலாம். தனியாகப் போகிறவருக்கு அந்த ஆள் இல்லை. ஆகவே ஓட்டமாவடியைத் தாண்டினால், வெளியே வாங்கு போட்டிருக்கும் கடையில்தான் எனக்குத் தேத்தண்ணி. அந்த வாங்கு கிடைக்காத இடத்தில் தேத்தண்ணியும் இல்லை.

காற்றுக்கு அடுத்தது ஊர். என் அனுபவத்தில் இதுதான் பெரிய பாடம், இதைத்தான் பலர் தலைகீழாகப் படித்திருக்கிறார்கள். வண்டியில் தூங்குவது பற்றிப் பிற நாட்டார் எழுதும் அறிவுரைகளில், யார் கண்ணிலும் படாமல் இருட்டியபின் வந்து, கண்ணாடிகளை மறைத்துக்கொண்டு, விடியமுன் போய்விடு என்றிருக்கும். வாகரையில் அப்படிச் செய்யக் கூடாது. இது 2004 கடற்கோளில் அடிபட்ட கரை. போர்க்காலத்தில், 2006 நவம்பர் 8 அன்று கதிரவெளி விக்னேஸ்வரா வித்தியாலயத்தில் தஞ்சமிருந்த மக்கள்மேல் ஷெல் விழுந்து பலர் மாண்டார்கள். 2007 தையில் வாகரை கைமாறியபோது ஊர்கள் வெறிச்சோடிக் கிடந்தன. அந்த வருடங்களில் நாடு முழுவதும் வெள்ளை வான் என்றால் ஆள் கடத்தல். இரவில் வீதியோரம் விளக்கணைத்து, கண்ணாடி மறைத்து ஒரு வான் நின்றால், உள்ளே இருப்பவர் சும்மா தூங்குகிறார் என்று இந்த மக்கள் எப்படி நம்புவார்கள்? உங்கள் நிம்மதியான உறக்கத்துக்காக ஒரு வீடு முழுக்க விழித்திருக்க வேண்டிவரும்.

ஆகவே நான் பொழுது இருக்கும்போதே போய்ச் சேர்வேன். மாங்கேணி, பனிச்சங்கேணி, கண்டலடி, எந்த ஊரானாலும் கரையில் முதலில் கண்ணில் படும் மீன்வாடிக்குப் போய்ச் சொல்வேன். பெயர், ஊர், எதற்கு வந்தேன், எப்போது போவேன். கண்ணாடிகளில் திரை போடுவதில்லை. வானுக்குள் சின்ன விளக்கு ஒன்று ஒன்பது மணி வரைக்கும் எரியும். உள்ளே ஒரு மனிதனும் நாயும் இருப்பது போகிற வருகிறவர்களுக்குத் தெரியவேண்டும்.

செம்பி இல்லாமல் இந்தப் பேச்சு இவ்வளவு இலகுவாகத் தொடங்கியிராது. தனி ஆணைக் கண்டால் தயங்குபவர்கள், நாயோடு வந்தவனைக் கண்டால் கேள்வி கேட்பார்கள்.

"நாய் கடிக்குமா மனே?"

"இல்ல மாமி, சத்தம் மட்டும்தான்."

"ஏன் இதையும் இழுத்துக்கொண்டு திரியுறாய்? வீட்டுல ஆக்கள் இல்லையா?"

கேட்ட அம்மா பனிச்சங்கேணிப் பக்கம் நண்டு விற்பவர். என் பதிலுக்கு அவர் காத்திருக்கவில்லை. செம்பியின் கழுத்துப் பட்டியையே பார்த்துக்கொண்டு, தாங்கள் ஊரை விட்டு ஓடிய அன்று தன் நாயின் கயிற்றை அவிழ்த்துவிட்டுப் போனதைச் சொன்னார். "கட்டிவச்சிட்டுப் போனா பாவம்தானே." அதற்குமேல் அந்தக் கதை போகவில்லை. அன்றிரவு தன் வளவோரப் பூவரசுக்குக் கீழ் வானை விடச் சொன்னார். அமெரிக்க எழுத்தாளர் ஜோன் ஸ்டைன்பெக் 1960ல் சார்லி என்ற பூடில் நாயோடு ஒரு கேம்பர் லொறியில் தன் நாட்டைச் சுற்றி வந்தார். புதியவர்களிடம் பேச்சைத் தொடக்கிவைக்கும் தூதன் என்றே சார்லியைக் கருதினார். அந்த உண்மை பனிச்சங்கேணியிலும் செல்லும். ஆனால் இங்கே நாய் திறந்துவிடும் கதவுக்குப் பின்னால் என்ன இருக்கும் என்று தெரியாது. திறந்தபின் நின்று கேட்கும் பொறுமை வண்டியோட்டிக்கு வேண்டும்.

நாய் திறக்காத கதவுகளும் உண்டு. அவற்றை மதிக்கத் தெரியவேண்டும். இந்த வீதியில் ஓட்டமாவடி, மூதூர், கிண்ணியா என்று முஸ்லிம் ஊர்கள் வருகின்றன. நம் நாட்டு முஸ்லிம்களில் பெரும்பாலோர் பின்பற்றும் ஷாஃபி வழியில், நாயின் எச்சிலோ ஈரமோ பட்ட இடத்தை ஏழு தடவை, அதில் ஒரு தடவை மண் கலந்த நீரால் கழுவவேண்டும். நான் காட்டும் அலட்சியத்தால் ஒருவர் தன் சாரனையும் திண்ணையையும் அப்படிக் கழுவும்படி ஆகக் கூடாது. அந்த ஊர்களில் செம்பி குறுங்கயிற்றில் நிற்பாள். கடைப் படிக்கு நாலு முழம் தள்ளியே நாங்கள் நிற்போம். இந்த ஒதுக்கத்தைக் கவனித்த கடைக்காரர்கள் தாமாகவே ஒரு பழைய தயிர்ச் சட்டியில் அவளுக்குத் தண்ணீர் கொண்டுவந்து வைத்திருக்கிறார்கள்.

ஊர்நாய்களிடமும் அனுமதி வேண்டும். 2006க்குப் பிறகு தெருநாய்களைப் பிடித்துக் கொல்வது நம் நாட்டில் நிறுத்தப்பட்டது. தடுப்பூசியும் கருத்தடையும்தான் இப்போதைய வழி. எந்தக் கரையிலும் ஒரு கூட்டம் இருக்கும். வந்தவுடன் நாயை இறக்கி நடத்தினால் சண்டை நிச்சயம். நான் வானை நிறுத்தி, கதவைத் திறந்து, வலையைக் கட்டி, செம்பியை உள்ளேயே வைத்திருப்பேன். ஊர்நாய்கள் வந்து வலைக்கு வெளியே மோந்து, குரைத்து, சில்லில் மூத்திரம் பெய்து, அலுத்துப்போய்ப் படுக்கும். அதன்பின் இறக்கினால் பெரும்பாலும் பிரச்சினை இல்லை. விசர் நாய்க்கடித் தடுப்பூசியை ஆண்டு தவறாமல் போடுவதும், அந்த அட்டையை லைசென்சோடு சேர்த்து வைத்திருப்பதும் ஊருக்கு நாம் கொடுக்கும் மரியாதை.

இரவுக் காவலைப் பற்றிப் பலருக்குத் தவறான எண்ணம் உண்டு. நாய் நம்மைக் காக்கும் என்று நினைத்து அதை வெளியே கட்டிவிட்டு உள்ளே தூங்குவார்கள். வாகரையில் நாயைத்தான் நாம் காக்கவேண்டும். களப்பிலும் ஆற்று வாயிலும் முதலை உண்டு. தண்ணீர் ஓரத்தில் அந்தியில் நாக்கை நீட்டும் நாய் அதற்குச் சுலபமான இரை. களப்புத் தண்ணீர் உப்பு, குடித்தால் வயிறும் கெடும். கரைவலை இழுத்த இடத்தில் கழித்து வீசிய பேத்தை மீன் கிடக்கும். அதன் நஞ்சு காய்ந்தாலும் போகாது, நாய்க்கு ஒரு துண்டே போதும். வீதிக்கு மேற்கே, கட்டுமுறிவுப் பக்கம், யானை. யானையைக் கண்டு குரைத்த நாய், யானை திரும்பித் துரத்தினால் நேரே எசமானிடம்தான் ஓடிவரும். அதனால் வீதிக்கு மேற்கே நான் படுப்பதே இல்லை. கிழக்கிலும் செம்பியின் கயிறு என் மணிக்கட்டிலிருந்து கழலாது.

அவள் செய்யும் காவல் வேறு வகை. நண்டோ கீரியோ போனால் தலை தூக்காமல் காதை மட்டும் திருப்புவாள். வாடி ஆட்கள் நடந்தால் வால் ஒரு தடவை பாயில் தட்டும். அறியாத மனிதர் என்றால் எழுந்து, குரைக்காமல், என் காலில் தன் முதுகை அழுத்தி நிற்பாள். இதை வாசிக்கப் பழகியவருக்கு வேறு எச்சரிக்கை மணி தேவையில்லை. பழக்கம் வர, முதல் சில இரவுகளை வீட்டு வளவிலேயே வண்டிக்குள் நாயோடு கழித்துப் பார்ப்பது நல்லது.

படுக்கைக்கு மெத்தையைவிடப் பன்பாய் சிறந்தது. பின் சீற்றை மடித்துச் சமமாக்கி இரண்டு பாய் விரித்தால் போதும். மணல் நிற்காது, மயிர் ஒட்டாது, உதறினால் சுத்தம், கீழே காற்றும் போகும். கச்சான் காலத்தில் செம்பி என் பாயை விட்டு வெறும் தகட்டுக்கே போவாள். அவள் எடை 15 கிலோ; நாயின் கிலோவுக்கு நாளைக்கு 50 அல்லது 60 மில்லிலீற்றர் தண்ணீர் என்பது கணக்கு, வெயிலில் அதன் இரு மடங்கு எடுத்துப்போவேன். உள்ளே நுளம்புச் சுருள் கொளுத்துவதில்லை. மூடிய இடத்தில் அந்தப் புகை இருவருக்கும் கேடு. ஏசிக்காக இயந்திரத்தை ஓடவிட்டுத் தூங்குவது அதைவிட மோசம். புகைக்குழாயிலிருந்து வரும் காபன் மொனொக்சைட்டுக்கு மணமில்லை, நாயும் எச்சரிக்காது. தென்னையின் கீழ் எந்த மாதமும், பனையின் கீழ் பழம் விழும் ஆவணியிலும் வண்டி விடக் கூடாது. வேம்பு, புளி, பூவரசு நல்லவை. மரம் வண்டிக்குக் கிழக்கே நின்றால் காலை வெயில் ஒரு மணித்தியாலம் பிந்தி ஏறும்.

காலம் சித்திரையிலிருந்து புரட்டாதி வரை. கரைவலைக்காரர் கரையில் இருக்கும் காலமும் அதுதான். அவர்கள் இல்லாத கரையில் தனியாகத் தூங்க நான் யாருக்கும் சொல்லமாட்டேன். ஐப்பசி கடந்து வாடை தொடங்கினால் மகாவலி பெருகி வெருகல் வழியாகத் தாழ்நிலம் மூடும். 2009ல் 396 மீற்றர் நீளத்தில் கிண்ணியாப் பாலம் திறந்து, அடுத்த சில ஆண்டுகளில் மற்றப் பாலங்களும் வந்தபின் பாதைப் படகுக்காகக் காத்துக் கிடக்கும் நிலை போய்விட்டது. வண்டிகள் இப்போது வாகரையை நிற்காமலே கடக்கின்றன. நின்று படுப்பவர்கள் சிலர்தான். அதனால் நம் ஒவ்வொருவரின் நடத்தையும் கணக்கில் ஏறுகிறது.

விடிந்ததும், மாலையில் யாரிடம் சொன்னேனோ அவரிடமே போய்ச் சொல்லிவிட்டுப் புறப்படுவேன். நாய் கழித்ததை அள்ளிப் புதைத்து, பாயை உதறிய இடத்தையும் ஒரு தடவை பார்ப்பேன். வண்டியில் தூங்குவதைச் சுதந்திரம் என்று பேசுகிறார்கள். வாகரை எனக்குக் காட்டியது, அது விருந்தாளியாக இருப்பது. அடுத்து ஓர் அந்நிய வான் அந்தக் கரையில் வந்து நிற்கும்போது ஊர் பயப்படாமல் இருக்கவேண்டும் என்றால், அதற்குப் பொறுப்பு நேற்றிரவு அங்கே தூங்கி எழும்பியவருடையது.