இரும்பு ஆகாத அறை

காலை 9 மணி. விருதுநகரில் ஒரு ஸ்கேன் சென்டர். கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு ஒரு பெரியவரும் அவர் மகனும் வருகிறார்கள். சிவகாசியில் ஏறி, திருத்தங்கல், ஆமத்தூர் தாண்டி வந்த பஸ்ஸின் புழுதி வேட்டி ஓரத்தில் இருக்கிறது. பெரியவர் வாசலிலேயே செருப்பைக் கழற்றுகிறார். கழற்றச் சொல்லி எந்தப் பலகையும் இல்லை.

மகன் கையில் மஞ்சள் பை. பைக்குள் ஃபைல். ஃபைலுக்குள் ரத்தப் பரிசோதனைத் தாள். பிஎஸ்ஏ 11.4 என்று இருக்கிறது. பக்கத்தில், 4 வரை இருக்கலாம் என்று அச்சிட்டிருக்கிறது. 11.4ஐச் சுற்றி நீல மையில் ஒரு வட்டம்.

புராஸ்டேட் சுரப்பி வயதோடு வீங்கினால் இந்த எண் ஏறும். கிருமி தொற்றினாலும் ஏறும். புற்றுநோய் வந்தாலும் ஏறும். எதனால் ஏறியது என்பதை எண் சொல்லாது.

"என்ன ஸ்கேன்?" கவுன்டரில் இருக்கும் பெண் கேட்கிறாள்.

"வயிறு" என்கிறான் மகன், மெதுவாக.

அவள் சீட்டைப் பார்க்கிறாள். "புராஸ்டேட்டுன்னு எழுதியிருக்கு?" கூடத்தில் நான்கு தலைகள் திரும்புகின்றன. பெரியவர் சுவரில் தொங்கும் காலண்டரைப் பார்க்கிறார். முருகன் படம். கீழே ஒரு நகைக்கடையின் பெயர். அதற்கும் கீழே, எறும்பு எழுத்தில், சிவகாசி.

ஓரத்து நாற்காலியில் வெள்ளைச் சட்டைக்காரர் ஒருவர். ஐம்பத்தைந்து வயது இருக்கும். இடுப்பு வலிக்காக வந்திருக்கிறார். எழுந்து கழிப்பறைக்குப் போகிறார். வருகிறார். உட்கார்கிறார். தினசரியைப் பிரிக்கிறார். மறுபடி எழுகிறார்.

டெக்னீஷியன் படிவத்தோடு வருகிறான். இளைஞன். பெரியவருக்குப் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து கேட்கிறான்.

"நெஞ்சுல பேஸ்மேக்கர் வச்சிருக்கா அய்யா?"

"இல்ல."

"ஆபரேசன் எதும்? உள்ள கம்பி, கிளிப்பு?"

"இல்ல."

"வெல்டிங் பட்டறையில வேல பாத்திருக்கீங்களா? கண்ணுல இரும்புத் தூள் தெறிச்சிருக்கா?"

"பட்டாசு ஆபீஸ்" என்கிறார் பெரியவர். "நாப்பது வருசம். எங்க ரூம்ல இரும்பே ஆகாது தம்பி."

அந்த அறைகள் பொட்டல் காட்டில் தள்ளித் தள்ளி நிற்கின்றன. வாசலில் செம்புத் தகடு. அதைத் தொட்டுவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். உடம்பில் தேங்கிய மின்சாரம் மண்ணுக்கு இறங்கும். செருப்பு வெளியே. செல்போன் வெளியே. நைலான் துணி ஆகாது, பருத்திதான். இரும்புக் கரண்டி ஆகாது, மரமோ பித்தளையோதான். ஓர் அறையில் நான்கு பேர். மருந்துக் கலவை வெயில் ஏறுவதற்குள் முடிய வேண்டும். விதி தவறிய நாள்களுக்கு ஊர்ப் பெயரும் தேதியும் உண்டு. 2012 செப்டம்பர் 5, முதலிப்பட்டி. 30க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள்.

இங்கே, தடித்த கதவுக்கு அப்பால், வேறோர் அறை. கதவில் காந்தப் படம், சிவப்புக் கோடு. உள்ளே எம்ஆர்ஐ இயந்திரத்தின் 1.5 டெஸ்லா காந்தம். பூமியின் காந்தத்தைப் போல் சுமார் 30,000 மடங்கு. அதன் கம்பிச் சுருள் திரவ ஹீலியத்தில் மைனஸ் 269 டிகிரியில் கிடக்கிறது. கரண்ட் போனாலும் காந்தம் போகாது. ராத்திரியும் விழித்திருக்கும். சாவிக்கொத்து பறக்கும். ஆக்சிஜன் சிலிண்டரும் பறக்கும்.

உடை மாற்றும் இடம். திரை பாதி மூடியிருக்கிறது. சட்டை, பனியன், வேட்டி ஆணியில் ஏறுகின்றன. மோதிரம் இல்லை. கடிகாரம் இல்லை. நீல அங்கியை முன்பின் தெரியாமல் போட்டுக்கொள்கிறார். டெக்னீஷியன் திருப்பிப் போட்டு நாடாவைக் கட்டிவிடுகிறான்.

"அய்யா, அரைஞாண் கயித்தையும் எடுத்துரணும்."

கை இடுப்புக்குப் போகிறது. அங்கேயே நிற்கிறது.

"வெறும் தாயத்துதானப்பா."

"உள்ள என்ன தகடுன்னு தெரியாதுல்ல அய்யா."

மகன் சுவரைப் பார்க்கிறான். கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. பெரியவர் முடிச்சை அவிழ்க்கிறார். முடிச்சு இறுகிப்போயிருக்கிறது. நகக்கண்ணில் அலுமினியத் தூளின் பழைய மினுக்கம். கயிறு வருகிறது. விரலில் சுற்றி, மகன் உள்ளங்கையில் வைக்கிறார். மகன் கையை மூடிக்கொள்கிறான்.

அடுத்தது கழிப்பறை. நீர்ப்பை காலியாக இருக்க வேண்டும். நிமிடங்கள் போகின்றன. டெக்னீஷியன் கதவைத் தட்டவில்லை. "ராத்திரி அஞ்சாறு வாட்டி எந்திரிக்காரு" என்கிறான் மகன். டெக்னீஷியன் தலையாட்டுகிறான்.

படுக்கை. காதில் பஞ்சு, அதன் மேல் காதடைப்பான். அடிவயிற்றின் மேல் பலகை போன்ற ஒரு சுருள், அதைச் சுற்றிப் பட்டை. குடல் அசையாமலிருக்க ஓர் ஊசி. வலது கையில் ஒரு ரப்பர் பந்து. பயம் வந்தால் அமுக்கலாம். படுக்கை குழாய்க்குள் நகர்கிறது.

டக் டக் டக் டக். நிற்கிறது. அப்புறம் ரம்பம் அறுக்கிற சத்தம். நிற்கிறது. மறுபடி டக் டக். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் இரண்டு பாதங்கள் மட்டும் தெரிகின்றன. இந்தச் சத்தத்துக்குப் பலருடைய கால்விரல் மடங்கும். இந்த விரல்கள் அசையவில்லை. பந்தும் அமுங்கவில்லை.

1977இல், அமெரிக்காவில், ஒரு மனித மார்பை முதன்முதலாக இப்படிப் படமெடுக்க ஏறக்குறைய 5 மணி நேரம் ஆகிறது. இங்கே முக்கால் மணி நேரத்துக்குள் எல்லாம் முடிகிறது.

திரையில் சாம்பல் நிறத்தில் வெட்டு வெட்டாக உடம்பு. நீர்ப்பையின் அடியில் சுரப்பி. நடுப்பகுதி வீங்கி, முடிச்சு முடிச்சாக இருக்கிறது. சிறுநீர்க் குழாயை நெருக்குவது அதுதான். வீக்கத்தைச் சுற்றி வெள்ளையாக ஒரு விளிம்பு. புற்று பெரும்பாலும் தோன்றுவது அந்த விளிம்பில்.

ஸ்கேன் பார்க்கும் டாக்டரம்மா மவுஸை உருட்டுகிறார். வலப்பக்கம் வந்ததும் விரல் நிற்கிறது. வெள்ளையில் ஒரு கரும்புள்ளி. அடுத்த வரிசைப் படங்களைத் திறக்கிறார். இவை தண்ணீரின் நடமாட்டத்தைப் பார்க்கும் படங்கள். நல்ல திசுவில் நீர் மூலக்கூறு தாராளமாக உலவும். செல்கள் நெருக்கியடித்துப் பெருகிய இடத்தில் அதற்கு நகர வழியில்லை. அதே இடம் இங்கே பளிச்சென்று எரிகிறது. கடைசி வரிசை, காடோலினியம் என்ற மருந்தை ரத்தத்தில் ஏற்றிய பிறகு எடுத்தது. அங்கும் அதே இடம், மற்ற இடங்களுக்கு முன்னால் மினுங்குகிறது.

அளவுகோல் இழுக்கிறார். 11 மில்லிமீட்டர். 1 முதல் 5 வரை சந்தேகம் ஏறிக்கொண்டு போகும் பைராட்ஸ் வரிசையில் 4 என்று அடிக்கிறார். சுரப்பியின் கோட்டுப்படத்தில் அந்த இடத்தைக் கறுப்பாக்குகிறார்.

இந்தப் படம் வருவதற்கு முந்தைய வழக்கம் வேறு. எண் ஏறினால் நேரே ஊசி. அல்ட்ராசவுண்டில் சுரப்பி தெரியும், கட்டி பெரும்பாலும் தெரியாது. பத்துப் பன்னிரண்டு இடத்தில் குத்திச் சதை எடுப்பார்கள். கட்டி ஊசிகளுக்கு நடுவே ஒளிந்திருந்தால் தாள் 'இல்லை' என்று வரும். 2017இல் பிரிட்டனில் 576 ஆண்களிடம் செய்த ஆய்வு வெளியாகிறது. தீவிரமான புற்று இருந்தவர்களில் 100க்கு 93 பேரை எம்ஆர்ஐ கண்டுகொண்டது. பழைய ஊசி முறை 48 பேரை. எம்ஆர்ஐ சும்மா சந்தேகப்பட்டவர்களும் நிறைய. ஆனால் 100க்கு 27 பேருக்கு ஊசியே இல்லாமல் விட்டிருக்கலாம் என்றது அதே ஆய்வு. ஊசி முதலில் போனால் கசிந்த ரத்தம் படத்தைக் குழப்பும். படம் முதலில் வர வேண்டியது அதனால்தான்.

மாலை 4 மணி. டாக்டரம்மா இருவரையும் உள்ளே கூப்பிடுகிறார். கயிறு பெரியவர் இடுப்புக்குத் திரும்பியிருக்கிறது.

"ஒரு இடம் தெரியுதுய்யா. இத வச்சே கேன்சர்னு முடிவு கட்டக் கூடாது. ஊசி வச்சுச் சதை எடுத்துப் பாத்தாத்தான் உறுதி. எங்க குத்தணும்னு இது காட்டிக் குடுக்குது."

"ஒரே ஊசியாம்மா?"

"அந்த எடத்துல ரெண்டு மூணு. மத்த எடத்துலயும் சிலது. ஒங்க யூராலஜி டாக்டர் சொல்லுவாரு."

"நீரு அடைக்கிறது இதனாலயா?"

"அது வீக்கம். இது ஆரம்பத்துல எந்த அடையாளமும் காட்டாது. வீக்கத்துக்கு வந்தீங்க, இதுவும் தெரிஞ்சது."

பெரியவர் கோட்டுப்படத்தை வாங்கிப் பார்க்கிறார். கறுத்த இடத்தில் கட்டைவிரலை வைக்கிறார். விரல் சுரப்பி முழுவதையும் மூடிவிடுகிறது.

"சனிக்கெழம வேணாம்" என்கிறார் மகனிடம். "சம்பள நாளு. வேற எந்தக் கெழமன்னாலும் ஊசிக்கு நாள் கேளு."

வெளியே கூடத்தில் வெள்ளைச் சட்டைக்காரர் ரிப்போர்ட்டுக்குக் காத்திருக்கிறார். எழுகிறார். போகிறார். வருகிறார். பெரியவர் அவருக்குப் பக்கத்து நாற்காலியில் போய் உட்கார்கிறார். மகன் பஸ்ஸுக்கு நேரமாயிற்று என்று கையைக் காட்டுகிறான். பெரியவர் பார்க்கவில்லை.

"ராத்திரி எத்தன வாட்டி எந்திரிக்கீக?"

குரலைத் தாழ்த்தாமல் கேட்கிறார். கவுன்டர் பெண் நிமிர்கிறாள். வெள்ளைச் சட்டைக்காரர் தினசரியை மடிக்கிறார். மறுபடி பிரிக்கிறார்.

"நாலு. ஒரு வருசமா."

"டாக்டர்ட்ட சொன்னீகளா?"

"இடுப்பு வலின்னு மட்டுந்தான் அண்ணாச்சி சொன்னேன்."

பெரியவர் மஞ்சள் பையை வாங்கி, ஃபைலைத் திறந்து, நீல வட்டம் போட்ட தாளை எடுத்து அவர் மடியில் விரிக்கிறார்.