கடைமடைக் கணக்கு

என் கணினித் திரையின் வலது மூலையில் இரண்டு சின்ன எண்கள் ஓடிக்கொண்டே இருக்கின்றன. ஒன்று உள்ளே வருவது, இன்னொன்று வெளியே போவது. இணைய வேகம் காட்டும் ஒரு விட்ஜெட். போட்டு மூன்று மாதமாகிறது. எந்த வேலையில் இருந்தாலும் கண் அங்கே போய்விடுகிறது.

எதையும் தொடாமல் கைகட்டி உட்கார்ந்திருக்கும்போதும் அது ஓய்வதில்லை. 2 கிலோபைட், அடுத்த நொடி 11, பிறகு அரை. புதுக் கடிதம் உண்டா என்று மின்னஞ்சல் விசாரிக்கும் நேரம் அது. கடிகாரம் தன்னைச் சரிபார்த்துக்கொள்ளும். மழை நின்ற பிறகும் வாய்க்காலில் ஒரு கசிவு இருக்குமே, அதுபோல.

வாய்க்கால் என்றதும் தாத்தா வந்துவிடுகிறார். திருத்துறைப்பூண்டி பக்கம், வெண்ணாற்றுப் பாசனத்தின் கடைமடையில் எங்கள் நிலம். ஜூன் 12 வழக்கமாக மேட்டூர் திறக்கும் நாள். கல்லணைக்குத் தண்ணீர் வரவே சில நாளாகும். அங்கிருந்து கிளை பிரிந்து பிரிந்து எங்கள் வாய்க்காலைத் தொடுவதற்குள் ஊரே மேற்கே பார்த்துக் கண் பூத்துப்போகும்.

தண்ணீர் வந்த முதல் நாள் தாத்தா என்னை மதகுக்குக் கூட்டிப்போவார். ஒரு பூவரசு இலையைக் கிள்ளி நடுநீரில் போடுவார். மதகிலிருந்து சாய்ந்த பனைமரம் வரைக்கும் இலையோடு கூடவே நான் ஓட வேண்டும். அவர் ஒன்று, இரண்டு என்று உரக்க எண்ணுவார். நாற்பதுக்குள் பனையைத் தொட்டால் முகம் மலரும். பிறகு மண்வெட்டிக் காம்பை நீரில் இறக்கி, ஈரம் ஏறிய உயரத்தைச் சாண் வைத்துப் பார்ப்பார். "ராத்திரிக்குள்ள வயலுக்கு ஏறிடும்டா தம்பி." எண்ணிக்கை எண்பதைத் தாண்டினால் பேச மாட்டார். மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு கரையோடு மேற்கே நடப்பார். எங்கோ கோரை அடைத்திருக்கும், அல்லது மடையில் மண் சரிந்திருக்கும். வானொலியில் எத்தனை ஆயிரம் கன அடி சொன்னாலும் அவருக்கு அந்த இலையும் காம்பும் சொல்வதுதான் கணக்கு.

இணையத்துக்கும் அதே இரண்டு அளவுதான். காம்பு காட்டியதை இந்த விட்ஜெட் காட்டுகிறது: நொடிக்கு எவ்வளவு வருகிறது என்று. இலையின் வேலையைச் செய்வது பிங். 1983இல் மைக் மூஸ் எழுதிய சிறு நிரல் அது. நீர்மூழ்கிகளின் சோனார் ஒலிதான் அதற்குப் பெயரானது. ஒரு துணுக்கை அனுப்பி, அது திரும்பிவர எத்தனை மில்லிநொடி என்று எண்ணும். கண்ணாடி இழைக்குள் ஒளி நொடிக்குச் சுமார் 2 லட்சம் கிலோமீட்டர் போகும். சென்னையிலிருந்து சிங்கப்பூருக்குக் கடலடிக் கம்பி ஏறத்தாழ 3,200 கிலோமீட்டர். போய்வர 32 மில்லிநொடி ஆகியே தீரும். பணம் கூடக் கட்டினால் காம்பில் ஈரம் ஏறும். இந்த இலையின் வேகம் ஏறாது.

நான் பணம் கட்டுவது 100 மெகாபிட்டுக்கு. எட்டு பிட் ஒரு பைட் என்பதால், விட்ஜெட்டில் அதிகபட்சம் 12.5 மெகாபைட் வர வேண்டும். வந்தது 3. தாத்தா செய்ததையே செய்தேன். மடிக்கணினியை எடுத்துக்கொண்டு மேற்கே நடந்தேன். கூடத்தில் 6. ரவுட்டர் பக்கத்தில், கம்பியைச் செருகியதும் 11. கோரை என் வீட்டிலேயே இருந்தது: இரண்டு செங்கல் சுவரும் ஓர் இரும்பு பீரோவும்.

பிராட்பேண்ட் என்று சொல்லிக்கொள்ள 2004இல் 256 கிலோபிட் போதும் என்றது அரசு. 2013இல் அது 512 ஆனது, 2023இல் 2 மெகாபிட். அணையில் திறக்கும் அளவு ஏறிக்கொண்டேதான் வருகிறது. கடைமடையில் உட்கார்ந்திருப்பவர் தன் அளவைத் தானே பார்த்துக்கொள்ள வேண்டும். இன்று இரவு எட்டு மணிக்கு உங்கள் வீட்டில் ஒருமுறை அளந்து பாருங்கள். குறைந்திருந்தால், யாரிடமும் முறையிடும் முன் கரையோடு கொஞ்சம் மேற்கே நடந்து பாருங்கள்.