வேடந்தாங்கல் கரையில் மூன்று கிலோ

படாளம் கூட்டு ரோட்டில் திரும்பும்போதே மணி பதினொன்று. பறவை பார்ப்பவர்கள் கிளம்பும் நேரமல்ல அது. ஆனால் அன்று நான் பறவையைவிட லென்ஸைப் பார்க்கத்தான் போனேன். பின் இருக்கையில் வாடகைக்கு எடுத்த இரண்டு டெலி லென்ஸ்கள்: ஒன்று நிக்கான் 200-500, எஃப் 5.6. மற்றது வேறொரு நிறுவனத்தின் 150-600. என் பழைய 70-300 எட்டவில்லை என்று நாலு வருஷமாகப் புலம்பி, வீட்டில் ஒருவழியாகச் சம்மதம் வாங்கியாயிற்று. எதை வாங்குவது என்பதுதான் பாக்கி.

சோதனை முந்தின நாள் மாலையே மொட்டைமாடியில் தொடங்கிவிட்டது. செய்தித்தாளின் ஒரு பக்கத்தைச் சுவரில் சுருக்கமில்லாமல் ஒட்டி, மாடியின் மறு கோடியில் ட்ரைபாடை நேராக நிறுத்தி, அப்பர்ச்சரை முழுதாகத் திறந்து எடுத்தேன். 150-600இல் இடப்பக்க எழுத்துகள் பளிச்சென்று இருக்க, வலப்பக்க வரி விளம்பரங்கள் எண்ணெய் பட்ட தாளாகக் கலங்கியிருந்தன. நான்தான் கோணலாக வைத்துவிட்டேனோ என்று கேமராவைச் செங்குத்தாகத் திருப்பினேன். கலங்கலும் கூடவே திரும்பியது. சுவரோ ட்ரைபாடோ கோணலென்றால் அப்படித் திரும்பாது. உள்ளே ஏதோ ஒரு கண்ணாடி மையம் விலகியிருக்கிறது. யார் கையிலிருந்தோ கீழே விழுந்ததாக இருக்கலாம். கடைக்காரர் மறுபேச்சில்லாமல் வேறொன்று மாற்றிக் கொடுத்தார். அது சரியாக இருந்தது. (நிறுவனத்தின் பெயரை நான் சொல்லாததற்கும் இதுதான் காரணம். ஒரு பிரதி அடிபட்டதற்கு அவர்கள் என்ன செய்வார்கள்?)

வேடந்தாங்கலைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் உண்டு. கரையில் நடைபாதை, நடுவே தண்ணீர், அதற்கப்பால் மரங்களில் கூடுகள். நாம் கிட்டே போக முடியாது, போகவும் கூடாது. செங்கல்பட்டு ஆட்சியர் லயனல் பிளேஸ் 1798இல் இந்த ஊர்க்காரர்களின் கோரிக்கைக்கு அங்கீகாரம் கொடுத்ததற்கு முன்பிருந்தே பறவைகளை ஊர் காத்துவருகிறது. எச்சம் விழுந்த ஏரித் தண்ணீர் வயலுக்கு உரம் என்ற கணக்கும் அதில் அடக்கம். அந்தத் தைரியத்தில்தான் அவை மனிதர் நடக்கும் கரைக்கு இவ்வளவு பக்கத்தில் குஞ்சு பொரிக்கின்றன.

என் கணக்கு வேறு. ஒரு மீட்டர் உயரமுள்ள மஞ்சள் மூக்கு நாரை 100 மீட்டர் தள்ளி நின்றால், 300 மி.மீ. லென்ஸ் அதைச் சென்சாரில் 3 மி.மீ. உயரத்துக்கு வரையும். 500 என்றால் 5, 600 என்றால் 6. என் கேமராவின் க்ராப் சென்சார் உயரம் ஏறக்குறைய 16 மி.மீ. ஆக, 300இலிருந்து 500க்குப் போவது பெரிய தாவல். 500க்கும் 600க்கும் நடுவே இருப்பது ஒரே ஒரு மில்லிமீட்டர்.

நடுப்பகலில் அக்கரை மரங்களில் இருந்த கூழைக்கடாக்களை இரண்டு லென்ஸிலும் மாற்றி மாற்றி எடுத்தேன். ஒன்றுகூடத் தேறவில்லை. இறகெல்லாம் தண்ணீருக்கடியில் பார்ப்பதுபோல் நெளிந்தன. பணத்தைக் கொட்டி வாங்க இருந்த ஆசை அங்கேயே செத்திருக்கும். நல்லவேளையாகக் கரையோரம் பதினைந்து மீட்டரில் ஒரு மடையான் வந்து நின்றது. அதே லென்ஸ், அதே ஷட்டர். கண்ணைச் சுற்றியுள்ள மஞ்சள் தோலின் மடிப்புவரை தெரிந்தது. குற்றம் லென்ஸில் இல்லை, நடுவிலிருந்த சூடான காற்றில். கானலை ஊடுருவும் லென்ஸை இதுவரை யாரும் செய்யவில்லை. சற்றுத் தள்ளி 600 எஃப் 4 வைத்திருந்த ஒருவர் நிழலில் உட்கார்ந்து வேர்க்கடலை கொறித்துக்கொண்டிருந்தார். முன் கண்ணாடியே 15 சென்டிமீட்டருக்குக் குறையாது, விலை பத்து லட்சத்துக்கு மேல். அவருக்கும் அதே கானல்தான்.

“நாலு மணிக்கு மேல வாங்க சார், எரை எடுத்துக்கிட்டு எல்லாம் கூட்டுக்குத் திரும்பும்” என்றார் காவலர்.

“அதுவரைக்கும் என்னண்ணே பண்றது?”

“கண்ணால பாருங்க.”

பார்த்தேன். மா. கிருஷ்ணன் நினைவுக்கு வந்தார். வெவ்வேறு கேமராக்களின் பாகங்களை ஒட்டுப்போட்டு, அதற்கு ‘சூப்பர் பாண்டரோசா’ என்று பெயரும் வைத்து, கறுப்பு வெள்ளையில் யானைகளை எடுத்த மனிதர். நானோ ஒரு மில்லிமீட்டருக்காக மண்டையைக் குழப்பிக்கொண்டிருக்கிறேன்.

நாலரைக்கு வானம் நிறைந்தது. நத்தைகுத்தி நாரைகள் கால்களை நீட்டிக்கொண்டு இறங்கின. பாம்புத்தாரா ஒன்று சரேலென்று கடந்தது. ஷட்டரை 1/2000இல் வைத்தேன். லென்ஸின் அதிர்வுத் தடுப்பு என் கை நடுக்கத்தைத்தான் அடக்கும், பறவையின் சிறகை நிறுத்தாது. ஃபோகஸ் எல்லையைத் தொலைவுக்கு மாற்றும் பொத்தானைப் போட்டதும் இரண்டும் சுறுசுறுப்பாகின. அதைப் போடாமல் லென்ஸைத் திட்டுகிறவர்கள் அதிகம். 600இல் பறக்கும் பறவையைத் தேடுவது தனிப்பாடு. என் கேமராவில் அதன் பார்வை அகலம் இரண்டேகால் டிகிரிதான். 150இல் பிடித்து, பின்தொடர்ந்தபடியே முறுக்கிக் கிட்டே வரவேண்டியிருந்தது.

நிக்கானின் எஃப் 5.6க்கும் மற்றதன் 6.3க்கும் வித்தியாசம் ஸ்டாப்பில் மூன்றில் ஒரு பங்கு. ஐஎஸ்ஓ 1600க்குப் பதில் 2000. மானிட்டரில் எனக்கு வேறுபாடு தெரியவில்லை.

தெரிந்தது கையில். நிக்கான் 2.3 கிலோ, பாடியோடு மூன்றைத் தாண்டும். மற்றது சுமார் 400 கிராம் குறைவு. கடையில் தூக்கியபோது இரண்டும் ஒன்றுபோலத்தான் இருந்தன. ஐந்தரை மணிக்கு இடதுதோள் கணக்குக் கேட்டது. கனமான லென்ஸில் கடைசியாக எடுத்த கூழைக்கடா வரிசையில் பாதிக்குமேல் தலையில்லை. மோனோபாட் வைத்திருந்தால் முடிவு மாறியிருக்கும். ஆனால் தலைக்கு மேலே பறப்பதற்கு அது உதவாது.

மறுவாரம் 150-600 வாங்கினேன், மாடியில் செய்தித்தாள் ஒட்டிப் பார்த்த பிறகு. வாடகைக்கு எடுப்பதாக இருந்தால் கிளம்பும் நாள் காலையில் எடுக்காதீர்கள். முந்தின நாள் வெளிச்சம் இருக்கும்போதே எடுத்து, சுவரில் ஒரு தாளை ஒட்டிப் பாருங்கள்.