செல் மாற்றும் கடை

குவார்ட்ஸ் வாட்ச்சை அப்பா வாட்ச் என்றே சொல்ல மாட்டார். "அது ரேடியோம்மா" என்பார். யாராவது கொண்டுவந்தால் பின்மூடியைத் திறந்து, பழைய செல்லை எடுத்துப் புதுசு போட்டு, முள் நகர்கிறதா என்று பார்த்துக் கொடுத்துவிடுவார். இரண்டு நிமிஷ வேலை. கண்ணில் லென்ஸ்கூட மாட்ட வேண்டாம். நான் பத்தாவது படிக்கும்போது கடைக்கு வந்த வேலை முக்கால்வாசி அதுதான்.

எப்போதாவது ஒரு சீக்கோ 5 வரும். பெரும்பாலும் சிங்கப்பூரிலிருந்தோ துபாயிலிருந்தோ யாரோ கொண்டுவந்து கொடுத்ததாக இருக்கும். அன்றைக்கு அப்பாவின் முகமே வேறு. ஒருமுறை மாமாவின் சீக்கோவைத் திறந்து, சாமண நுனியால் ஒரு சின்னத் துண்டைக் காட்டினார். இரண்டு கால் முளைத்த கொக்கி மாதிரி இருந்தது. மேஜிக் லீவர். கை எந்தப் பக்கம் அசைந்தாலும் ஒரு கால் பல்சக்கரத்தை இழுக்கும், இன்னொரு கால் தள்ளும். சக்கரம் ஒரே திசையில்தான் சுற்றும். சாவி கொடுக்காமலே ஸ்பிரிங் இறுகிவிடும். 1959இல் சீக்கோ கண்டுபிடித்தது. "இவ்ளோதான். இதுல கெட்டுப்போறதுக்கு என்ன இருக்கு?" என்றார். ஒரு மெஷினைப் பற்றி அவர் சொல்லக்கூடிய அதிகபட்சப் பாராட்டு அது.

அப்பாவைச் செல் மாற்ற வைத்ததும் இதே சீக்கோதான் என்று ரொம்ப நாள் கழித்துத்தான் தெரிந்துகொண்டேன்.

நாகனோ மாகாணத்தில், மலைகளுக்கு நடுவே சுவா என்றொரு ஏரி. போர்க்காலத்தில், 1942இல், அதன் கரையில் ஒரு பழைய மிசோ கிடங்கை மாற்றிக் கட்டி வாட்ச் பாகங்கள் செய்ய ஆரம்பித்தார்கள். அதுதான் பிற்பாடு சுவா சீகோஷா ஆனது. முதல் கிராண்ட் சீக்கோ 1960இல் அங்கேதான் பிறந்தது. ஸ்விட்சர்லாந்தின் நுஷாத்தல் வானாய்வகம் நடத்திய துல்லியப் போட்டிக்கு 1964இல் சீக்கோ தன் கைக்கடிகாரங்களை அனுப்பியபோது கிடைத்த சிறந்த இடம் 144. நான்கே வருஷம். 1968இல் ஜெனீவா போட்டியில் 4 முதல் 10 வரை எல்லா இடங்களும் அவர்களுக்கு. அவர்களுக்கு மேலே இருந்த மூன்றும் குவார்ட்ஸ். ஸ்பிரிங்கில் ஓடுகிற கைக்கடிகாரங்களில் அவர்களை மிஞ்ச ஆளில்லை.

அப்படி ஜெயித்தவர்கள் அடுத்த வருஷம் என்ன செய்தார்கள்? 1969 டிசம்பர் 25 அன்று அஸ்ட்ரானை விற்பனைக்குக் கொண்டுவந்தார்கள். உலகில் கடைக்கு வந்த முதல் குவார்ட்ஸ் கைக்கடிகாரம். தங்கக் கூடு, விலை 450,000 யென். அன்றைக்கு அங்கே ஒரு கார் வாங்கலாம். உள்ளே நொடிக்கு 8,192 தடவை அதிரும் குவார்ட்ஸ் துண்டு. மாதத்துக்கு 5 நொடிதான் முன்னே பின்னே போகும். நல்ல மெக்கானிக்கல் வாட்ச்சுக்கு அது ஒரு நாள் கணக்கு. போட்டிக்காக மாதக்கணக்கில் ஹேர்ஸ்பிரிங்கை வளைத்துச் சரி செய்த கைகளின் வேலையை, அதே தொழிற்சாலையே தேவையில்லாததாக ஆக்கிவிட்டது.

அப்புறம் விலை சரிந்தது. ஸ்விட்சர்லாந்தில் 1970 வாக்கில் சுமார் 90,000 பேர் வேலை பார்த்த தொழில், எண்பதுகளின் நடுவில் மூன்றில் ஒன்றாகச் சுருங்கிப்போனது. அந்தக் கணக்கில் எங்கள் கடை இல்லை.

ஒன்று ஒப்புக்கொள்ள வேண்டும். அப்போது என் கையில் இருந்தது காசியோ எஃப்-91டபிள்யூ. 1989இல் வந்த மாடல், கறுப்பு பிளாஸ்டிக் பட்டை. பொதுத்தேர்வு முழுக்க அதைப் பார்த்துத்தான் எழுதினேன். அதன் செல் 7 வருஷம் தாங்கும் என்று கம்பெனி சொல்கிறது. அதாவது செல் மாற்றுகிற வேலைக்கும் சேர்த்து வேட்டு. தெருமுனை வந்ததும் கழற்றிப் பையில் போட்டுவிட்டுத்தான் கடைக்குள் நுழைவேன். சரியான நேரம் பணக்காரர் கையில் மட்டும் இருக்க வேண்டியதில்லை என்று அந்த பிளாஸ்டிக்தான் காட்டியது. இன்றும் அதன் பக்கம்தான் நான். இதை அப்பாவிடம் சொன்னதே இல்லை.

சுவாவிலேயே ஒருவருக்கு மட்டும் மனசு கேட்கவில்லை போல. யோஷிகாசு அகஹானே என்ற பொறியாளர். 1977இல், உலகமே குவார்ட்ஸ் பக்கம் ஓடிக்கொண்டிருந்தபோது, ஸ்பிரிங்கில் ஓடி, குவார்ட்ஸ் மாதிரி நேரம் காட்டும் வாட்ச்சை யோசித்தார். செல் கிடையாது. இறுக்கிய ஸ்பிரிங் சக்கரங்களை ஓட்டும். பேலன்ஸ் வீல் இருக்க வேண்டிய இடத்தில், ஒரே பக்கமாக நொடிக்கு 8 முறை சுற்றும் சக்கரம். சைக்கிள் டைனமோ மாதிரி அதுவே துளியூண்டு மின்சாரம் எடுக்கும். அந்த மின்சாரத்தில் குவார்ட்ஸும் ஒரு சிப்பும் விழித்திருந்து, சக்கரம் வேகம் பிடித்தால் காந்தத்தால் பிரேக் போடும். அந்தத் துளி மின்சாரத்தில் வேலை செய்யும் சிப் செய்யத்தான் இருபது வருஷம் போனது. 600க்கும் மேற்பட்ட மாதிரிகள். ஸ்பிரிங் டிரைவ் 1999இல் கடைக்கு வந்தது. அகஹானே 1998இலேயே இறந்துவிட்டார்.

போன தீபாவளிக்கு ஊருக்குப் போனபோது கிராண்ட் சீக்கோ 'ஸ்னோஃப்ளேக்' வீடியோவை அப்பாவுக்குக் காட்டினேன். நாகனோ மலைப்பனியைப் போன்ற வெள்ளை டயல். நீல நொடிமுள் எங்கும் நிற்காமல் வழுக்கிக்கொண்டு போகிறது. அப்பா போனை வாங்கி, சவுண்டைக் கூட்டி, காதில் வைத்தார். சத்தத்தை வைத்தே கோளாறு சொன்னவர்.

"சவுண்டே வரலியேம்மா."

"அதுல டிக் டிக் கிடையாதுப்பா. நின்னு நின்னு போற வேலையே இல்ல."

உள்ளே இருப்பதை எனக்குத் தெரிந்த மட்டும் சொன்னேன். சைக்கிள் டைனமோ என்றதும் தலையாட்டினார். விலையைச் சொன்னதும் சிரித்தார். வீடியோவை இன்னொரு தடவை பார்த்தார்.

"சிப்பு போச்சுன்னா?"

"கம்பெனிக்குத்தான் அனுப்பணும்."

கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. அப்புறம் போனைத் திருப்பிக் கொடுத்துக்கொண்டே, "ஸ்பிரிங் பக்கம் வரைக்கும் நானே பாத்துருவேன்" என்றார்.