பழைய பைக்கைச் சரி பண்ணப் போறீங்களா? முதல்ல இதைப் படிச்சுட்டுப் போங்க

அப்பா ஓட்டிய வண்டி மாடிப்படிக்குக் கீழே தூசி படிந்து நிற்கிறதா? அதைச் சரி பண்ணி, கொஞ்சம் ஸ்டைலா மாத்தி ஓட்டணும்னு ஆசையா? கையில காசு கம்மியா? அப்போ இந்த த்ரெட் உங்களுக்குத்தான். கொஞ்சம் நீளம். டாக்டர் எதுக்கு பைக் பத்திப் பேசறார்னு நினைக்காதீங்க, நடுவுல நோயாளிகளும் வருவாங்க.

எங்க வீட்டு வண்டி ஹீரோ ஹோண்டா சிடி 100. 1993 மாடல். 97.2 சிசி, நாலு கியர், கிக்கர் மட்டும்தான். அப்பா அதில்தான் 20 வருஷத்துக்கு மேல் வேலைக்குப் போனார். என்னை ஸ்கூலில் விட்டதும், மெடிக்கல் காலேஜ் ஹாஸ்டலுக்குப் பெட்டியோடு கொண்டுவந்து இறக்கியதும் அதே வண்டிதான். 2015-ல் அவர் போனதற்குப் பிறகு யாரும் அதைத் தொடவில்லை. அம்மா மட்டும் வாரத்துக்கு ஒருமுறை துணியால் துடைத்து வைப்பார்.

போன வருஷம் திடீர்னு ஒரு வேகம். யூடியூப்ல நாலு வீடியோ பார்த்தேன். பழைய 100 சிசி வண்டியை கஃபே ரேசர் ஆக்குகிறார்கள்: தட்டையான ஒற்றை சீட், தாழ்ந்த ஹேண்டில்பார், பின்னாடி எல்லாம் வெட்டி மொட்டை. பார்க்க அள்ளுது. பட்ஜெட் 25,000 ரூபாய்னு முடிவு பண்ணினேன். டாக்டருக்கு என்னய்யா பட்ஜெட்டுன்னு கேக்கறவங்க, வீட்டுக்கடன் தவணை கட்டுற ஏதாவது ஒரு அரசு டாக்டரைப் பிடிச்சுக் கேட்டுப் பாருங்க.

முதல்ல ஒரு விஷயம். ஸ்பேனரைத் தொடுவதற்கு முன்னாடி ஆர்.சி. புக்கை எடுங்க. டூ வீலர் பதிவு 15 வருஷத்துக்கு. அதற்கப்புறம் 5 வருஷத்துக்கு ஒருமுறை புதுப்பிக்கணும், அதுக்குப் படிவம் 25. அப்பா 2008-லும் 2013-லும் புதுப்பித்திருந்தார். 2018-ல் புதுப்பிக்க ஆள் இல்லை. உரிமையாளர் இறந்துவிட்டால் வாரிசு பேருக்கு மாற்றப் படிவம் 31. வாரிசுச் சான்றிதழ், இறப்புச் சான்றிதழ் எல்லாம் கேட்பார்கள். தாமதக் கட்டணம், பசுமை வரி, இன்சூரன்ஸ் எல்லாம் தனி. அதை 25,000-க்குள் நான் சேர்க்கவில்லை, சேர்த்திருந்தால் அன்றைக்கே கைவிட்டிருப்பேன்.

இன்னொன்று. பெயிண்டரிடம் ஃபிரேமைக் கொடுக்கும்போது சேஸிஸ் நம்பர் இருக்கும் இடத்தில் டேப் ஒட்டிக் கொடுங்க. உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, மேலே பட்டி பூசி நம்பரை மூடிவிட்டால் ஆர்.டி.ஓ. ஆபீஸில் பென்சில் பிரிண்ட் எடுக்க முடியாது. அப்புறம் எவ்வளவு அழகா இருந்தாலும் அது வண்டி இல்ல, ஷோகேஸ் பொம்மை.

சரி, என் தப்புக்கு வர்றேன்.

முதல் வாரமே 2,200 ரூபாய்க்கு ஒற்றை சீட் வாங்கினேன். 700-க்கு ஹேண்டில்பார். பின் சக்கரத்தின் இடப்பக்கம் இருந்த சாரி கார்டு துருப்பிடித்து அசிங்கமாக இருந்தது. கழற்றி, வேறு சில தகரத் துண்டுகளோடு பழைய இரும்புக் கடைக்கு எடைக்குப் போட்டேன். மொத்தமாக 60 ரூபாய் கிடைத்தது. பெயிண்டுக்கு 9,000 ஒதுக்கி வைத்தேன். பிரேக்குக்கு எவ்வளவு தெரியுமா? 800. அதுவும் மிச்சம் இருந்தா பார்த்துக்கலாம்னு.

ஞாயிற்றுக்கிழமை, புது சீட்டைச் சும்மா வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். அம்மா காபி கொண்டுவந்தார். வண்டியைச் சுற்றி ஒரு தடவை நடந்தார். எப்போதும் ஏறும் இடப்பக்கம் வந்து நின்றார்.

"நான் எங்கடா உக்காருவேன்?"

சிரித்துக்கொண்டேதான் கேட்டார். எனக்குத்தான் பதில் வரவில்லை. அப்பா பின்னாடி ஒருக்களித்து உட்கார்ந்து, ஒரு கையில் பையும் இன்னொரு கையில் அந்த கார்டுக்கு மேலே இருந்த கைப்பிடியும் பிடித்துக்கொண்டு கோயிலுக்கும் ரேஷன் கடைக்கும் போனவர். அந்த வண்டியில் அப்பாவுக்கு எவ்வளவு பங்கோ அவ்வளவு இவருக்கும் உண்டு. நான் அவர் உட்கார்ந்த இடத்தை மட்டும் சரியாக வெட்டி எடுத்து எடைக்குப் போட்டிருக்கிறேன்.

இதுல வெட்கக்கேடு என்னன்னா, அந்தக் கம்பி எதுக்குன்னு என்னைவிட நல்லாத் தெரிஞ்சவன் ஊர்ல குறைவு.

விபத்துப் பிரிவில் வேலை பார்த்த எந்த டாக்டரையும் கேளுங்க, ஆரக்கம்பிக் காயம் பற்றிச் சொல்வார்கள். பின்னாடி உட்கார்ந்த குழந்தையின் கால் ஆடி ஆடி சக்கரத்துக்குள் போய்விடும். ஸ்போக் சுழலும் வேகத்தில் குதிகாலை இழுத்து, ஃபிரேமோடு வைத்து நசுக்கும். கிழிவு, நசுங்கல், உரசல் மூன்றும் ஒரே இடத்தில். எக்ஸ்-ரே பார்த்தால் எலும்பு பல நேரம் நன்றாகவே இருக்கும். அப்பா அம்மாவும் "நல்லவேளை, சின்னக் காயம்தான்"னு நிம்மதியாவாங்க. நசுங்கின தோல் அன்றைக்கே தன் குணத்தைக் காட்டாது. ரெண்டு மூணு நாளில் கறுக்க ஆரம்பிக்கும். அப்புறம்தான் தெரியும், குதிகாலுக்கு மேலே இருக்கிற தசைநாண் வரைக்கும் போயிருக்குன்னு. தோல் ஒட்டும் அறுவை சிகிச்சை வரை போன குழந்தைகளுக்கு நானே கட்டு மாற்றியிருக்கிறேன்.

அப்படி நடந்தால் காலை வெடுக்குனு இழுக்காதீங்க. வண்டியை ஆஃப் பண்ணி, சக்கரத்தை மெதுவாகப் பின்பக்கம் சுற்றுங்க. வரலேன்னா ஸ்போக்கை வெட்டுங்க, ஸ்போக் விலை கம்மி. குழாய்த் தண்ணீரில் நன்றாகக் கழுவி, சுத்தமான துணி சுற்றி, ஆஸ்பத்திரிக்கு வாங்க. காபித்தூள், மஞ்சள்தூள் எதுவும் வேண்டாம், ப்ளீஸ். அதைச் சுரண்டி எடுக்கவே எங்களுக்கு அரை மணி நேரம் ஆகும், குழந்தை கத்துற கத்தல் வேற.

சேலை, துப்பட்டா கதை இதைவிட மோசம். முந்தானை சக்கரத்தில் சுற்றினால் ஆளைப் பின்னாடி தூக்கி ரோட்டில் போடும், தலைதான் முதலில் அடிபடும். துப்பட்டா கழுத்தில் இருந்தால் அதே சுருக்குக் கயிறு. 1927-ல் பிரான்ஸின் நீஸ் நகரில் இசடோரா டங்கன் என்ற புகழ்பெற்ற நடனக் கலைஞர் கழுத்தில் போட்டிருந்த நீள ஸ்கார்ஃப் கார் சக்கரத்தில் சுற்றி இறந்தார். மருத்துவ இதழ்களில் இந்த வகை விபத்துக்கு அவர் பெயரையே வைத்திருக்கிறார்கள். நம்ம ஊர்ல அதைத் தடுக்க ஒரு கம்பி வலை, அவ்வளவுதான். மத்திய மோட்டார் வாகன விதிகள் 1989-ல் விதி 123, பின்னாடி ஆள் உட்காரும் வண்டிக்குக் கைப்பிடி, கால் வைக்க இடம், பின் சக்கரத்தில் பாதியாவது மூடும் தடுப்பு, மூன்றும் வேணும்னு சொல்லுது. மூணையும்தான் நம்ம பசங்க முதல்ல கழட்டறாங்க. நானும்.

அன்றைக்கு ராத்திரி பட்ஜெட்டைக் கிழித்துப் போட்டுப் புதிதாக எழுதினேன். ஒரே கணக்கு: நிற்க உதவுவது முதலில், பார்க்க உதவுவது அடுத்து, அழகு கடைசி.

பிரேக். இந்த வண்டியில் ரெண்டு பக்கமும் டிரம். இப்போ வர்ற 125 சிசி வரைக்கும் உள்ள வண்டிகளுக்கு 2019-லிருந்து கூட்டுப் பிரேக் கட்டாயம், நம்ம கிழவனுக்கு அதெல்லாம் கிடையாது. மணிக்கு 40 கிலோமீட்டரில் போனால் ஒரு வினாடிக்கு 11 மீட்டர் போகிறோம். யோசிக்கிற நேரத்திலேயே ஒரு பஸ் நீளம் காலி. ஷூவை மட்டும் மாத்தினா போதும்னு நினைச்சேன். மெக்கானிக் அண்ணன் சிரித்தார். "டாக்டர் சார், ஷூவைத் தள்ளுற கேம் இறுகிக் கிடக்கு பாருங்க. புது ஷூ போட்டாலும் பிடிக்காது." உள்ளே பழைய கிரீஸ் காய்ந்து தார் மாதிரி ஆகியிருந்தது. அதைச் சுத்தம் செய்து, தொட்டும் தொடாமலும் கிரீஸ் வைத்து, டிரம்மை உப்புத்தாளால் தேய்த்து, புது கேபிள், புது பேரிங் போட்டோம். மொத்தம் 1,900.

டயர். பழைய டயரில் பட்டன் எல்லாம் புதுசு மாதிரி இருந்தது, ஓடவே இல்லையே. ஆனால் ரப்பருக்கும் வயசாகும். பக்கவாட்டில் நாலு இலக்க எண் இருக்கும், முதல் ரெண்டு வாரம், அடுத்த ரெண்டு வருஷம். எங்க டயரில் 2312. அதாவது 2012-ன் 23-வது வாரம். பக்கமெல்லாம் பொடி வெடிப்பு. ரெண்டு டயர், டியூப் 3,400.

ஹெட்லைட்டுக்கு எல்.இ.டி. போடணும்னுதான் ஆசை. ஆனா இந்த மாதிரி வண்டியில் ஹெட்லைட் பேட்டரியில் ஓடாது, இன்ஜின் காயிலில் இருந்து நேராக வரும், ஆக்ஸிலேட்டருக்கு ஏற்றபடி கூடும் குறையும். அதில் எல்.இ.டி. விட்டு விட்டு மினுக்கும். உள்ளே கறுத்துப்போன ரிஃப்ளெக்டரை மாற்றினாலே பாதி வெளிச்சம் திரும்பி வரும். அதையும் வயரிங், பேட்டரி, ஹாரனையும் சேர்த்து 2,900.

இன்ஜினுக்கு பிஸ்டன் செட், டைமிங் செயின், கிளட்ச் பிளேட், கூலி எல்லாம் 7,800. செயின் ஸ்பிராக்கெட் 950. டேங்க் துருவை எடுக்க 600. பெயிண்ட் 9,000-லிருந்து 2,500-க்கு வந்தது, டேங்கும் சைடு கவரும் மட்டும். அதே பழைய கறுப்பு.

வீட்டிலேயே வேலை செய்பவர்களுக்கு ஒண்ணு சொல்லியே ஆகணும். சென்டர் ஸ்டாண்ட் போட்டு, இன்ஜினை ஓடவிட்டு, கியரில் வைத்து, துணியால் செயின் துடைக்காதீங்க. செயின் துணியைப் பிடிக்கும், துணி விரலை இழுக்கும். ஸ்பிராக்கெட்டில் விரல் நுனியை விட்டவர்களில் மெக்கானிக்குகளும் உண்டு. கையால் சக்கரத்தைச் சுற்றித் துடைச்சா போதும், அஞ்சு நிமிஷம் கூட ஆகும். துண்டான நுனியை நேராக ஐஸில் போடாதீங்க. ஈரமான சுத்தத் துணியில் சுற்றி, பிளாஸ்டிக் பையில் கட்டி, அந்தப் பையை ஐஸ் தண்ணீரில் வைத்துக் கொண்டுவாங்க. அப்புறம், டியூப் போட்டு வாயால் பெட்ரோல் உறிஞ்சாதீங்க. துளி நுரையீரலுக்குள் போனாலும் நிமோனியா மாதிரி வரும். குடித்துவிட்டால் வாந்தி எடுக்க வைக்காதீங்க, வெளியே வரும்போது இன்னொரு தடவை நுரையீரலுக்குள் போகும்.

சாரி கார்டு புதுசாக எங்கேயும் பொருந்தவில்லை. செங்கல்பட்டில் லோக்கல் ரயில் ஏறி எழும்பூரில் இறங்கி, புதுப்பேட்டைக்கு நடந்தேன். மூணு கடை ஏறி இறங்கி, நாலாவது கடையில் ஒரு குவியலுக்கு அடியில் கிடைத்தது. கைப்பிடியோடு, துருவோடு. 60 ரூபாய்க் குப்பையில் போட்டதை 350 கொடுத்து வாங்கினேன். "என்ன சார், அம்மாவுக்கா?" என்றார் கடைக்காரர். வாங்குகிறவன் எவனும் அம்மாவுக்குத்தான் வாங்குவான் போலிருக்கு.

2,900 ரூபாய் சீட்டும் ஹேண்டில்பாரும் பரண் மேலே கிடக்கின்றன. யாருக்காவது வேணும்னா பாதி விலை, பின்னாடி யாரையும் ஏத்த மாட்டேன்னு எழுதிக் கொடுத்தா.

பொங்கலுக்கு முந்தின நாள் அம்மாவை ஏற்றிக்கொண்டு கோயிலுக்குப் போனேன். ரெண்டு பேருக்கும் ஹெல்மெட். "உங்கப்பா இருந்தப்ப இதெல்லாம் எனக்கு ஏது" என்று முனகிக்கொண்டே மாட்டினார். ஒருக்களித்து உட்காராமல் ரெண்டு பக்கமும் கால் போட்டு உட்காருங்கன்னு கெஞ்சிப் பார்த்தேன், நடக்கவில்லை. முந்தானையை இடுப்பில் செருகி, இடது கையால் அந்தக் கம்பியைப் பிடித்துக்கொண்டார். 30-க்கு மேலே நான் போகவில்லை.

இறங்கியதும் வண்டியைத் தட்டிக்கொடுத்தார். என்னிடம் ஒரே ஒரு குறைதான் சொன்னார்.

"சீட்டு கட்டையாட்டம் இருக்குடா."

ஃபோம் மாற்ற 400 ரூபாய் கேட்டிருக்கிறார்கள். அடுத்த மாசச் சம்பளம் வரட்டும்.