காகிதம் பாடும் ஊர் லைப்சிக்!

பெர்லினில் ரயில் ஏறினால் ஒன்றேகால் மணி நேரத்தில் லைப்சிக் வந்துவிடும். இசை ரசிகர்கள் இங்கே தேடி வருவது பெரும்பாலும் ஒரே ஒருவரைத்தான். மேற்கத்திய இசை மேதை யோகான் செபஸ்தியான் பாக், 1723 முதல் 1750-ல் இறக்கும் வரை இந்த ஊரில்தான் வேலை பார்த்தார். செயின்ட் தாமஸ் தேவாலயத்துக்குள் அவரது கல்லறை இருக்கிறது. வெளியே சிலை நிற்கிறது.

ஞாயிறு ஆராதனைக்காக பாக் எழுதிய இசையை அவரது மாணவர்களும் வீட்டாரும் குரல் வாரியாகப் பிரித்துப் பிரதி எடுத்தார்கள். காகிதத்தில் இருப்பது காதுக்கு வர அத்தனை பேர் உழைப்பு வேண்டியிருந்தது.

இன்று அதற்கு ஒரு போன் போதும். 'மியூசிக் எக்ஸ்எம்எல்' என்ற வகை ஃபைலில் எந்த ஸ்வரம், எவ்வளவு நேரம், எந்த வாத்தியம் என்ற விவரமெல்லாம் இருக்கும். 'மியூஸ்ஸ்கோர்' போன்ற மென்பொருள் அதைப் படித்து வாசித்துக் காட்டுகிறது. நோட்ஸ் படிக்கத் தெரியாதவர்கூட நான்கு குரல் பாட்டில் மற்ற மூன்றை அடக்கிவிட்டு, தன் வரியை மட்டும் மெதுவாகக் கேட்டுப் பழகலாம்.

ஆனால், கணக்குப் பிசகாத அந்த வாசிப்பில் ஏதோ குறைகிறதே என்று தோன்றும். அது என்னவென்று தெரிய, தேவாலயத்திலிருந்து இருபது நிமிடம் நடந்து கிராஸி இசைக்கருவிகள் மியூசியத்துக்குப் போக வேண்டும்.

தானாக வாசிக்கும் பியானோக்களுக்கு ஒரு காலத்தில் பேர்போன ஊர் இது. ஹுப்ஃபெல்ட் என்ற உள்ளூர் கம்பெனி அவற்றைச் செய்து விற்றது. துளையிட்ட காகிதச் சுருளை மாட்டினால், துளைக்கு ஏற்ற கட்டை இறங்கும். சுருள்களில் இரண்டு வகை உண்டு. ஒன்று, நோட்ஸைப் பார்த்து அளவெடுத்துத் துளையிட்டது. மற்றது, பியானோ கலைஞர் ஒருவர் வாசிக்கும்போதே பதிவு செய்தது. இரண்டாவதில் அவர் தயங்கிய இடமும் விரைந்த இடமும் துளைகளாகவே பதிந்திருக்கும். மென்பொருள் வாசிப்பது முதல் வகை. பாக் தன் தாள்களில் வேகம், அழுத்தம் பற்றி அதிகம் எழுதி வைக்கவில்லை. எழுதாததை மென்பொருள் எங்கிருந்து எடுக்கும்?

வீட்டிலிருந்தே இதைச் சோதித்துப் பார்க்கலாம். 1741-ல் பாக் வெளியிட்ட 'கோல்ட்பெர்க் வேரியேஷன்ஸ்' படைப்பை, பியானோ கலைஞர் கிமிகோ இஷிசாகா வாசித்து 2012-ல் எல்லோருக்கும் இலவசமாக்கினார். அதன் நோட்ஸும் மியூஸ்ஸ்கோரில் இலவசம். முதலில் மென்பொருளில் கேளுங்கள், பிறகு அவர் விரல்களில் கேளுங்கள். ஸ்வரங்கள் ஒன்றுதான், மூச்சு மட்டும் வேறு.

லைப்சிக் போகிறவர்கள் கவனத்துக்கு: மியூசியத்துக்குத் திங்கட்கிழமை விடுமுறை. தேவாலயத்தில் வெள்ளி மாலையும் சனி பிற்பகலும் இசை வழிபாடு நடக்கும். 1212-ல் தொடங்கிய சிறுவர் பாடகர் குழு, பள்ளி விடுமுறை இல்லாத வாரங்களில் பாடும். முந்தின இரவே அந்தப் பாட்டைப் போனில் ஒருமுறை ஓடவிட்டுப் போங்கள். எந்தக் குரல் எங்கே நுழைகிறது என்று பிடிபட்டுவிடும். மிச்சத்தை அந்தப் பிள்ளைகள் பார்த்துக்கொள்வார்கள்.